பள்ளத்துக்குள் ஏழு வினைச்சொற்கள்

இரண்டு பேர் பேசிக்கொள்வதற்காக நடுவில் மூன்றாவது ஆளாக நிற்பதும் ஒரு தொழில்தான். சண்டை வந்தால் அடி முதலில் அவனுக்கு, சமாதானம் வந்தால் காபி கடைசியில் அவனுக்கு.

பக்கத்து வீட்டுக்குத் தந்தி வந்தால் படிக்கச் சொல்லி உங்களை எழுப்பியிருக்கிறார்களா? ரயிலில் எதிரே உட்கார்ந்த வெள்ளைக்காரரிடம், “இவரு எங்க போறாருன்னு கேளுப்பா” என்று உங்கள் மாமா உங்களை முன்னால் தள்ளியிருக்கிறாரா? அப்படியென்றால் நீங்களும் என் இனம். உட்காருங்கள். உங்களிடம் சொல்லி ஆற்றிக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

அப்போது நான் ஒரு சிறுவர் வார இதழில் வாரம் ஒரு பக்கம் எழுதிவந்தேன். மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் பழகத் தேவைப்படும் ஆங்கில வினைச்சொற்களில் வாரத்துக்கு ஒன்று. தலைப்பில் சொல், அதன் கீழே பொருள், அதற்கும் கீழே கோபு என்ற பையனின் படம். கோபு தபால்காரருக்கு நன்றி சொல்வான். அண்டை வீட்டாருக்கு வணக்கம் சொல்வான். பூனையின் வாலை மிதித்துவிட்டு அதனிடம் மன்னிப்புக் கேட்பான். அவனைப்போல மரியாதை தெரிந்த பிள்ளை செங்கற்பட்டு ஜில்லாவிலேயே கிடையாது.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில், வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே புதிதாக ஒரு தொழிற்சாலை வந்திருந்தது. அதன் மானேஜருடைய மகள் என் பக்கத்தைப் படிக்கிறவள். கப்பலில் பெட்டி பெட்டியாக ஒரு ராட்சத பிரஸ் வந்து இறங்கியிருந்தது. தகட்டை வைத்தால் ஒரே அழுத்தில் வளைத்துக் கொடுக்கிற இயந்திரம். அதை நிறுத்திக் கொடுக்க இங்கிலாந்திலிருந்து ஹாரிஸ் என்ற என்ஜினீயர் வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆட்களுக்கு இங்கிலீஷ் தெரியாது. மானேஜருக்கு இரண்டும் தெரியும், ஆனால் பிரஸ் நிற்கப்போகும் பள்ளத்துக்குள் இறங்கத் தெரியாது. மகள் கையிலிருந்த பத்திரிகையைப் பார்த்தார், எனக்குச் சொல்லி அனுப்பினார். “நன்றி, மன்னிப்பு எல்லாம் அழகா எழுதறீங்களே, வந்து நடுவுல நில்லுங்க” என்றார். நின்றேன். முதல் நாளே எல்லோரும் என்னை வாத்தியார் என்று கூப்பிட்டார்கள். நான் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வாத்தியாராக இருந்தவன் இல்லை.

ஹாரிஸுக்குத் துணையாகப் பள்ளத்தில் வேலை செய்தவன் ஏகாம்பரம். வடக்குப்பட்டிலிருந்து சைக்கிளில் வருகிற ஃபிட்டர், இன்னும் டெம்பரரி. பிரஸ் ஓடத் தொடங்கும்போது ஹாரிஸ் இவனைப்பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னால் பர்மனென்ட், பிரஸ்ஸும் இவன் பொறுப்பு. சொல்லாவிட்டால் அன்றோடு வீட்டுக்குப் போகலாம். இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. செம்பரம்பாக்கத்தில் கோவிந்தசாமி என்பவரின் பெண்ணை இவனுக்குப் பேசியிருந்தார்கள். பர்மனென்ட் ஆனால்தான் தாம்பூலம் மாற்றுவேன் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆக, ஒரு மனிதனின் கல்யாணம் என் இங்கிலீஷில் தொங்கிக்கொண்டிருந்தது. அது ஏகாம்பரத்துக்குத் தெரியும். எனக்குத்தான் உறைக்கவில்லை.

கிரீட் – முகமன் கூறு

என் கோபு காலையில் எல்லோருக்கும் ‘குட் மார்னிங்’ சொல்வான். ஹாரிஸும் அப்படித்தான். ஷெட்டுக்குள் நுழைந்ததும் ஒவ்வொருவராகப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வருவார். நம் ஆட்களும் மரியாதையில் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் நம் முகமன் வேறு மாதிரி. ஒருவர் என்ன செய்துகொண்டிருக்கிறாரோ அதையே அவரிடம் கேட்பதுதான் நம் வழக்கம். ஹாரிஸ் ஏணியில் ஏறினால், “இன்னா தொர, ஏணி ஏர்றீங்களா?” கை கழுவினால், “கை கழுவுறீங்களா?” தொப்பியைக் கழற்றினால், “தொப்பி கழட்டிட்டீங்களா?”

என்ன சொல்கிறார்கள் என்று ஹாரிஸ் கேட்டார். நான் நுணுக்கமானவன், ஒன்றையும் விடாமல் மொழிபெயர்த்தேன். நீங்கள் ஏணியில் ஏறுகிறீர்கள் என்கிறார்கள். நீங்கள் கை கழுவுகிறீர்கள் என்கிறார்கள். இப்போது தொப்பியைக் கழற்றிவிட்டீர்கள் என்கிறார்கள். அவர் முகம் நாளுக்கு நாள் சுருங்கிக்கொண்டே போனது. கடைசியில் ஒருநாள் நேரே மானேஜரிடம் போய், என் ஒவ்வொரு அசைவையும் கவனித்துச் சொல்ல இத்தனை பேரை ஏன் வைத்திருக்கிறீர்கள், என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்டுவிட்டார்.

மானேஜர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். நான் வெளியே வந்து ஆட்களிடம், இனிமேல் துரையை ஒன்றும் கேட்காதீர்கள் என்றேன். கான்டீன் கன்னியம்மா டீ வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “எதுருல வர்ற மனுசன ஒரு வார்த்த கேக்காம போறதுக்கு, நாம இன்னா மாடா வாத்தியாரே?”

தேங்க் – நன்றி கூறு

பள்ளத்துக்குள் ஹாரிஸ் மல்லாந்து படுத்து போல்ட் முடுக்குவார். மேலே ஏகாம்பரம் நிற்பான். கை நீளும், ஸ்பேனர் போகும். ‘தேங்க் யூ’ என்று கீழேயிருந்து குரல் வரும். முதல் தடவை அதைக் கேட்டதும் ஏகாம்பரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, தூண் ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டான். அடுத்த ஸ்பேனருக்காகக் கீழேயிருந்து நீண்ட கை அந்தரத்தில் அப்படியே நின்றது. நான் ஓடிப்போய் அவனைக் கூட்டிவந்தேன். ஸ்பேனர் கொடுத்தான். மறுபடி ‘தேங்க் யூ’. மறுபடி தூண்.

இதில் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து இடம் கொடுத்தால் நானே நன்றி சொன்னதில்லை, தலையைத்தான் ஆட்டியிருக்கிறேன். நம்மிடம் அது காரியம் முடிந்து கும்பிடு போடும்போது வருகிற சொல். கூட வேலை செய்கிறவனிடம் அதைச் சொன்னால், உனக்கும் எனக்கும் சரியாகப் போயிற்று, நீ போகலாம் என்று ஆகிவிடும். போகலாம் என்பதுதான் ஏகாம்பரம் கேட்கப் பயந்துகொண்டிருந்த வார்த்தை. டெம்பரரி ஆள் அல்லவா? நான் ஹாரிஸிடம், நன்றியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் என்னை ஒரு காட்டுமிராண்டியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஆனாலும் முயன்றார். ஸ்பேனர் கைக்கு வரும்போதெல்லாம் தும்மலை அடக்குகிறவர்போல முகம் சிவந்தது. அடங்காமல் வெடித்துவிடவும் செய்தது.

நன்றி என்பது நல்ல சொல், கோபிக்காதே என்று ஏகாம்பரத்திடம் சொன்னேன். கோபு தபால்காரருக்கு நன்றி சொன்ன கதையைக்கூட எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். “தபால்காரரு தபால குடுத்துட்டுப் போயிடுவாரு. நான் இங்கியே நிக்கணும் வாத்தியாரே. காலையிலேந்து இவரு என்ன எத்தினி வாட்டி அனுப்புவாரு, நானும் எத்தினி வாட்டி போயிட்டுப் போயிட்டு வர்றது?”

எக்ஸ்கியூஸ் – பொறுத்தருள்

ஒரு பகல் ஏகாம்பரம் ஏணியில் இறங்கும்போது அவன் குதிகால் கீழே நின்ற ஹாரிஸின் தோளில் பட்டுவிட்டது. அடுத்த கணம் அவன் குதித்து இறங்கி, அவர் தோளைத் தொட்டு, விரல்களைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஒற்றிய வேகத்திலேயே அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டான். ஹாரிஸ் தோளைத் திரும்பிப் பார்த்தார். சட்டையிலிருந்து கிரீஸைத் துடைத்து இவன் ஏன் கண்ணில் பூசிக்கொள்கிறான் என்று கேட்டார்.

விளக்கம் கேட்டுவிட்டால் எனக்கு உற்சாகம் வந்துவிடும். எத்தனை வருஷமாகக் குழந்தைகளுக்கு எழுதுகிறேன்! கால் என்பது எங்களுக்குக் கீழானது என்று தொடங்கினேன். அது மனிதர்மேல் பட்டால் மட்டும் இல்லை, புத்தகத்தில் பட்டாலும், காகிதத்தில் பட்டாலும், வேலை செய்யும் சாமானில் பட்டாலும் இப்படித்தான் செய்வோம் என்றேன். மன்னிப்பு என்று வாயால் சொல்வதில்லை, கைதான் சொல்லும் என்றேன். எதிராளி கவனிக்காவிட்டால்? என்று ஹாரிஸ் கேட்டார். அப்போதும் செய்வோம். யாருமே பார்க்காவிட்டால்? அப்போதும்தான். அவர் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். அவருக்கு அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, நான் இன்னும் இரண்டு உதாரணங்கள் சொன்னேன்.

பள்ளத்தின் அடியில் சாமானோடு காத்துக்கொண்டிருந்த ஏகாம்பரம் என்னை நிமிர்ந்து பார்த்தான். “காலு பட்டுது, தொட்டுக் கும்புட்டேன், முடிஞ்சி போச்சி. இதுக்கு இம்மாந்நேரமா பேசிக்கினு கீறீங்க?”

பிரெய்ஸ் – பாராட்டு

பெண் வீட்டாருக்குப் பொறுமை இல்லை. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் கோவிந்தசாமியே வந்து நின்றார். வெள்ளை வேட்டி, கையில் குடை, கண்ணில் சந்தேகம். மாப்பிள்ளையாகப் போகிறவன் நிஜமாகவே இயந்திரத்தில் வேலை செய்கிறானா, கூட்டிப் பெருக்குகிறானா என்று நேரில் பார்க்க வந்திருந்தார். அந்த நேரத்தில் ஏகாம்பரம் பிரஸ்ஸின் அடித்தகட்டை ரசமட்டம் வைத்துப் பார்த்து முடித்திருந்தான். ஹாரிஸ் குனிந்தார். கண்ணாடிக்குள் குமிழி நட்டநடுவில் அசையாமல் நின்றது. இன்னொரு மூலையில் வைத்துப் பார்த்தார், அங்கேயும் நடுவில். “பையன் எப்படின்னு தொரைய ஒரு வார்த்த கேளுங்க” என்றார் கோவிந்தசாமி.

கேட்டேன். ஹாரிஸ் ரசமட்டத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: ‘நாட் பேட். நாட் பேட் அட் ஆல்.’ நான் ஒரு சொல்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. பெண்ணைப் பெற்றவரைப் பார்த்து, “மோசமில்லை என்கிறார். அப்படியொன்றும் மோசமில்லை என்கிறார்” என்றேன். ஹாரிஸின் ஊர்க்காரர்கள் கோயில் கட்டி உள்ளே வைக்க வேண்டிய ஆளைப் பார்த்தால்தான் இந்த வார்த்தையைச் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரிய இன்னும் சில வாரங்கள் இருந்தன. நம் பக்கத்தில் இது கத்தரிக்காய் வாங்கும்போது சொல்கிற வார்த்தை.

ஏகாம்பரத்தின் முகம் விழுந்துவிட்டது. கோவிந்தசாமி குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினார். கேட் வரை நான் கூடவே போனேன், ஏதாவது சொல்லி ஒட்டவைக்கலாம் என்று. அவர் திரும்பினார். “மோசமில்லன்னு சொல்றதுக்குக் கப்பலேறி ஒரு தொர வரணுமா சாமி? அத நானே சொல்லிட்டிருப்பேனே.”

ரெஃப்யூஸ் – மறு

ஆயுத பூஜை வந்தது. ஷெட்டைக் கழுவிக் கோலம் போட்டு, தூணுக்குத் தூண் வாழைக்கன்று கட்டினார்கள். ஸ்பேனர், சுத்தி, அரம், குறடு எல்லாம் எண்ணெய் துடைக்கப்பட்டு ஒரு மேஜைமேல் வரிசையாகப் படுத்துக்கொண்டன. நடுநாயகமாக, ஹாரிஸ் தன் ஊரிலிருந்து கொண்டுவந்த ரசமட்டம். ஏகாம்பரத்தைத் தவிர வேறு யாரையும் தொட விடாமல், உள்ளே வெல்வெட் வைத்த பெட்டியில் அவர் வைத்திருப்பது. அதை ஏகாம்பரம்தான் எடுத்து வைத்தான். சந்தனம் தடவி, குங்குமப் பொட்டிட்டு, எல்லாவற்றுக்கும் பெரிய மாலையை அதற்கே போட்டிருந்தான். அந்த ஷெட்டில் அதைவிட உயர்ந்த சாமான் இல்லை என்று அவனுக்குத் தெரியும். சூடம் காட்டிப் பொரி வழங்கி முடிந்த நேரத்தில் ஹாரிஸ் வந்தார். அவருக்குப் பிரஸ்ஸின் அடித்தகட்டில் ஒரு மூலை சரியாக இருக்கிறதா என்று சந்தேகம், உடனே பார்க்க வேண்டும். தன் ரசமட்டத்தைப் பார்த்தார். கண்ணாடியில் சந்தனம். மாலையை விலக்கி எடுக்கப் போனார். ஏகாம்பரம் மேஜைக்கு முன்னால் வந்து கைகூப்பினான். “பூஜையில கீது தொர. நாளைக்கு எடுத்துக்கலாம்” என்று என்னைப் பார்த்தான்.

வாசகர்களே, இந்த இடத்தில்தான் என் பக்கத்தை எழுதிய கையை வெட்ட வேண்டும். நம் பக்கத்தில் யாரும் எதையும் மறுப்பதில்லை. கடன் கேட்டால் நாளைக்கு, பெண் கேட்டால் தை பிறக்கட்டும். முடியாது என்ற சொல்லை ஊரில் யாருக்கும் கொடுக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறோம். ஏகாம்பரம் சொன்னதும் அப்படியொரு ‘நாளைக்கு’தான். ஒரு நாள் ஓய்வெடுக்கிற சாமான், விடிந்தால் அவர் கைக்கு வந்துவிடும். ஆனால் எனக்கு அந்த வாரம் பத்திரிகைக்கு எழுதிக்கொடுத்திருந்த வினைச்சொல் நாக்கின் நுனியிலேயே இருந்தது. ‘ஹி ரெஃப்யூசஸ், சார்’ என்றேன். கணீரென்று சொன்னேன்.

ஹாரிஸ் சிவந்துபோனார். என் சாமானை எனக்கு மறுக்க இவன் யார் என்று கேட்டார். திரும்பின வேகத்தில் அவர் பூட்ஸ் கால் கீழே பூஜையில் வைத்திருந்த ஸ்பேனர் பெட்டியில் மோதி, பெட்டி சாய்ந்தது. பூவும் பொரியும் தரையெல்லாம் சிதறின. இந்த ஆள் இனி என் பள்ளத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அதை நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அதுவரை என்னை நீங்க என்று பேசிய ஏகாம்பரம், அப்போது நீ என்றான். “நான் நாளைக்குன்னுதானே சொன்னேன். நீ அவுருகிட்ட இன்னா சொன்ன வாத்தியாரே?”

அப்பாலஜைஸ் – மன்னிப்புக் கேள்

மானேஜர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார்: காலையில் ஏகாம்பரம் துரையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் பர்மனென்ட் பேச்சை மறந்துவிடலாம். செய்தி செம்பரம்பாக்கத்துக்கு பஸ்ஸைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்திருந்தது. இப்படிப்பட்ட கோபக்காரனுக்கா பெண் கொடுப்பது என்று கோவிந்தசாமி சொல்லி அனுப்பியிருந்தார். நான் சாயங்காலமே சைக்கிளை மிதித்துக்கொண்டு வடக்குப்பட்டு போனேன், என் பத்திரிகைப் பக்கத்தையும் எடுத்துக்கொண்டு. ஏகாம்பரம் என்னை உட்காரச் சொன்னான், மோர் கொடுத்தான், ஆனால் முகம் கொடுக்கவில்லை. காலு பட்டா தொட்டுக் கும்பிடலாம், என் காலு எதுமேலயும் படலையே, எதைத் தொட்டுக் கும்பிடறது என்று கேட்டான். கோபு பூனையிடம் மன்னிப்புக் கேட்கும் படத்தைக் காட்டினேன். அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, கொல்லைப் பக்கம் பார்த்துக்கொண்டு, சரி, அந்த வாக்கியத்தைச் சொல்லிக் கொடு என்றான். ‘ஐ அப்பாலஜைஸ், சார்.’ திருப்பித் திருப்பிச் சொன்னான். கசப்பு மருந்தை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் இருக்கிறவன் மாதிரி இருந்தது.

விஜயதசமிக் காலை. மறுபூஜைக்குச் சூடம் ஏற்றி, சாமான்களைக் கையில் எடுக்க எல்லோரும் காத்திருந்தார்கள். மானேஜர் வாசலில் நின்றார். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஏகாம்பரத்துக்கும் ஹாரிஸுக்கும் நடுவில் போய் நின்றேன். இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய வாக்கியங்களை மனப்பாடம் செய்துவைத்திருந்தேன். ஏகாம்பரம் தொண்டையைச் செருமினான். வாய் திறந்தது. அப்போது ஹாரிஸ் என்னைத் தாண்டிப் போனார். நேற்றுத் தன் கால் மோதிய அந்த ஸ்பேனர் பெட்டியின் முன்னால் குனிந்தார். விரலால் அதைத் தொட்டார். தொட்ட விரலைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இடது கை. பின்னாலிருந்து கன்னியம்மா, “அய்யய்யோ, பீச்சாங்கை” என்று முணுமுணுத்தாள். ஏகாம்பரம் தன் வலது கையைத் தூக்கிக் காட்டி, “ரைட்டு தொர, ரைட்டு” என்றான். ஹாரிஸ் கையை மாற்றி மறுபடியும் செய்தார், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சிரத்தையாக.

ஏகாம்பரம் சூடத்தைக் காட்டிவிட்டு ரசமட்டத்தை எடுத்தான். கண்ணாடிமேல் இருந்த சந்தனத்தைத் துண்டால் பூப்போலத் துடைத்தான். அதன் மரச் சட்டத்தில் வைத்த குங்குமத்தை மட்டும் விட்டுவிட்டான். இரண்டு கையாலும் நீட்டினான். ஹாரிஸ் வாங்கிக்கொண்டு வாயைத் திறந்தார். எனக்குத் தெரியும், அது ‘தேங்க் யூ’வுக்குத் திறந்த வாய். ஏகாம்பரத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். இருவரும் பள்ளத்துக்குள் இறங்கினார்கள், முதலில் ஒருவர், அவர் தோளில் கால் படாமல் பார்த்து மற்றவர். நடந்ததற்கு ஒரு முறையான மொழிபெயர்ப்பாவது இருக்கட்டும் என்று நான் விளிம்பில் நின்று, “ஏகாம்பரம், துரை இப்போது செய்ததற்கு என்ன பொருள் என்றால்” என்று ஆரம்பித்தேன். கீழேயிருந்து அவன் குரல் வந்தது. நல்லவேளையாக, மறுபடியும் நீங்க. “வாத்தியாரே, செத்த நவுந்துக்கோங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க.”

இன்வைட் – அழை

பிரஸ் ஓடியது. முதல் தகடு வளைந்து வெளியே வந்தபோது, ஏகாம்பரம் வாயால் மன்னிப்புக் கேட்கவே இல்லையே என்று மானேஜர் ஹாரிஸிடம் இழுத்தார். ஹாரிஸ், அதெல்லாம் முடிந்த விஷயம், இந்த இயந்திரத்தை இவன் கையில் கொடுத்துவிட்டுத்தான் நான் கப்பலேறுவேன் என்றார். எனக்கு அதில் ஒரு வேலையும் இருக்கவில்லை. பக்கத்தில் நின்று கேட்டேன், அவ்வளவுதான். ஏகாம்பரம் பர்மனென்ட் ஆனான், கார்த்திகையில் கல்யாணம் என்று முடிவானது. கோவிந்தசாமியும் ஏகாம்பரமும் தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமத்தோடு ஷெட்டுக்கே வந்து ஹாரிஸை அழைத்தார்கள். ஹாரிஸ், வர முயற்சி செய்கிறேன் என்றார். அப்படியே சொல்ல வாய் எடுத்தேன். தட்டை வாங்கின பிறகு முயற்சி என்றால் அந்த மனிதரின் முகம் என்ன ஆகும் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, வாயைத் திறப்பதற்கு முன்னால் யோசித்தேன். “கட்டாயம் வர்றேங்கிறார்” என்றேன். பிறகு ஹாரிஸிடம், நீங்கள் கட்டாயம் வருவதாகச் சொல்லிவிட்டீர்கள் என்று தெரிவித்தேன்.

வந்தார். பந்தலில் எல்லோரும் அவரிடம், “கல்யாணத்துக்கு வந்தீங்களா தொர?” என்று கேட்டார்கள். அதற்குள் நம் முகமனைப் பழகியிருந்த அவரும் சளைக்காமல் வாழை மரம் கட்டுகிறவரைப் பார்த்து, மேளக்காரரைப் பார்த்து, பரிமாறுகிறவரைப் பார்த்து, அவர்கள் செய்துகொண்டிருப்பதையெல்லாம் அவர்களிடமே இங்கிலீஷில் கேட்டுக்கொண்டு வந்தார். பந்தியில் என்னை ஒரு பக்கமும் கோவிந்தசாமியை மறுபக்கமும் உட்கார வைத்துக்கொண்டார். அப்பளத்தை நொறுக்கியபடி, உங்கள் மருமகன் எப்படி என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். கோவிந்தசாமி மணமேடைப் பக்கம் திரும்பினார். புது வேட்டியில் வியர்த்துக்கொண்டிருந்த ஏகாம்பரத்தையும், பக்கத்தில் குனிந்த தலையோடு இருந்த தன் பெண்ணையும் ரொம்ப நேரம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க ரசத்தை உறிஞ்சினார். அன்று ஷெட்டில் கேட்டதையும், துரையின் ஊரில் அதற்கு என்ன மதிப்பு என்று நான் பிறகு சொன்னதையும் ஞாபகம் வைத்திருந்தவர், ஹாரிஸைப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டிச் சொன்னார்: “மோசமில்ல. அப்படியொண்ணும் மோசமில்ல.”

நான் மொழிபெயர்க்கும் முன்பே, தன் வார்த்தைதான் தமிழில் திரும்பி வருகிறது என்று கண்டுகொண்டு ஹாரிஸ் சிரித்துவிட்டார். அன்றைக்கு எனக்குக் கடைசிப் பந்தி முடிந்துதான் காபி கிடைத்தது, மோசமில்லை.